ஜெயபாலன் வாங்கிப் போன புத்தகங்கள்

தலைமையாசிரியை செல்வராணி சன்னலோரத்து அலமாரியை விரலால் ஒரு தடவு தடவி, விரலில் ஒட்டிய தூசியை நூலகக் கிளார்க் கெர்ட்ரூட்டிடம் காட்டினார். கணிதப் போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கென்று பெற்றோர் சங்கம் வாங்கிக் கொடுத்த நாற்பது புத்தகங்கள் அதில் இருந்தன. வந்த நாளிலிருந்து ஒரு பிள்ளைகூட அவற்றை இரவல் வாங்கவில்லை. பருவம் முடிவதற்குள் யாரும் எடுக்காவிட்டால் புத்தகங்கள் ஸ்டோருக்குப் போகும், அந்த மூலைக்கு ஃபோட்டோஸ்டேட் மிஷின் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புத்தகங்களை எப்படியாவது காப்பாற்றுவது என்று கெர்ட்ரூட் முடிவு கட்டினாள். கணக்கின் மேலுள்ள பாசத்தால் அல்ல. கணக்குக்கும் அவளுக்கும் பள்ளி நாளிலிருந்தே ஆகாது. அவளுக்கு அந்தச் சன்னல் வேண்டும். பதினோரு வருஷமாக அதன் பக்கத்தில் உட்கார்ந்து மூவார் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு படகு போனால் மனசும் அதில் ஏறிப் போய்விடும், அரைமணி நேரம் கழித்துத்தான் இறங்கி வரும். கடகடவென்று சத்தம் போடுகிற மிஷினை வைத்துக்கொண்டு மனுஷி எப்படிக் கனவு காண்பாள்?

அன்றைக்கே பதிவேட்டைத் திறந்து, ‘ஜெயபாலன், இரண்டாம் படிவம், மதியப் பள்ளி’ என்று எழுதினாள். அப்படி ஒரு பையன் அந்தப் பள்ளியிலேயே கிடையாது.

படித்த புத்தகம் பளபளவென்று இருந்தால் யார் நம்புவார்கள்? பென்சிலை எடுத்துக் கணக்குகளுக்குக் கீழே கைக்கு வந்த எண்களை எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடிய பாட்டுகளின் எண்கள், தங்கை ஜெரால்டினின் டெலிபோன் நம்பர், விற்றுப்போன பழைய காரின் நம்பர் என்று கை தாராளமாகவே ஓடியது.

இதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. பள்ளி பஸ் ஓட்டுகிற சுகுமாறன் இருந்தார்தான், ஆனால் அவர் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். மதியப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலைப் பிள்ளைகள் வெளியே வரும்வரை ஏர்கோன் குளிருக்காக அந்த மூலைக்கு வருவார். பிள்ளைகளின் வருகையைக் குறிக்கிற பென்சில் காதில் இருக்கும். அலமாரியிலிருந்து தடிப்பாக ஒரு புத்தகத்தை உருவி முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சாய்ந்துவிடுவார். தூங்குகிறவரை வாசகர் என்று பதிவேட்டில் எழுத முடியுமா? அவர் எழுந்து போனதும் மேசையில் கிடக்கிற ரப்பர் தூளைத் துடைப்பதுதான் கெர்ட்ரூட்டின் தலையெழுத்து.

இரண்டு வாரம் நிம்மதியாகப் போனது. பிறகு தயானந்தன் வந்தார். பத்து பாகாட்டிலிருந்து மாற்றலாகி வந்த கணித ஆசிரியர். காலைப் பள்ளிக்கு மட்டும் பாடம் எடுப்பவர். ஜெயபாலன் ‘திருப்பிக் கொடுத்த’ புத்தகத்தைப் புரட்டியவர், நின்றபடியே பத்துப் பக்கம் படித்தார்.

“யாரு அக்கா இந்தப் பையன்? விடை எல்லாம் சரி. வழியும் சொந்தமா யோசிச்ச வழி.”

பாட்டு எண்கள் சரியான விடையா? ஆண்டவர் கை வைத்த இடத்தைத் திறந்து பார்க்க கெர்ட்ரூட்டுக்குத் தைரியம் வரவில்லை. பையன் ரொம்பக் கூச்சக்காரன், யார் கண்ணிலும் படமாட்டான் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அப்படியா என்று தயானந்தன் ஐந்து கடினமான கணக்குகளைத் தாளில் எழுதி, பையனிடம் சேர்க்கச் சொன்னார். வேறு வழியில்லாமல் அவள் தன் அடையாள அட்டை எண்ணை ஐந்தாக உடைத்து எழுதி, தாளைப் புத்தகத்துக்குள் செருகி மேசையில் வைத்தாள். மறுநாள் தயானந்தன் தாளை எடுத்துப் பார்த்தார். ஐந்தும் சரி.

அன்று சாயங்காலம் அவள் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். அதற்குப் பிறகு ஆற்றைப் பார்த்தால் படகு தெரியவில்லை, ஜெயபாலன்தான் தெரிந்தான். ஒல்லியான பையன், மூக்குக் கண்ணாடி நழுவி நழுவி விழும், கரையோரமாகக் கணக்குப் போட்டுக்கொண்டே நடப்பான். மழை வந்தால் குடை கொண்டு போனானோ இல்லையோ என்று அவளுக்குக் கவலை வந்தது. பெற்ற பிள்ளையைப் போல அவன்மேல் பாசம் வந்துவிட்டது என்றே சொல்லவேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜொகூர் பாருவில் மாநிலப் போட்டி என்று அறிவிப்பு வந்தது. பையனின் அடையாள அட்டையும் படமும் வேண்டும் என்றார் தயானந்தன். கெர்ட்ரூட் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, ஜெயபாலன் குடும்பம் கோத்தா திங்கிக்கே குடிபோய்விட்டது என்றாள். சொல்லும்போது நிஜமாகவே அவள் கண் கலங்கியது.

“கோத்தா திங்கிதானே? சனிக்கிழமை கார்ல போயிட்டு வந்துரலாம். அட்ரஸ மட்டும் எடுத்து வைங்கக்கா.”

மறுநாள் அவர் தனியாக வரவில்லை. கையில் போட்டிப் பாரத்தோடு தலைமையாசிரியையும் கூட வந்தார். இவ்வளவு நல்ல பிள்ளையை உருவாக்கிய மூலையை இனி யாரும் தொடக்கூடாது என்று செல்வராணி சொன்னபோது, கெர்ட்ரூட்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சன்னல் கிடைத்துவிட்டது. உண்மை தெரிந்தால் சன்னலும் போகும், வேலையும் போகும். ஆனாலும் இல்லாத பிள்ளையைத் தேடி இவர்களைத் தெருத்தெருவாக அலையவிட அவளுக்கு மனசு வரவில்லை.

“புவான், அந்த ஜெயபாலன் வந்து...” என்று தலைமையாசிரியையிடம் ஆரம்பித்தாள்.

மூலையில் சுகுமாறன் முகத்திலிருந்த புத்தகத்தை எடுத்துவிட்டு, கொட்டாவி விட்டபடி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அந்தப் பையனப் போட்டிக்கெல்லாம் அனுப்பாதீங்கலா, சார். எந்தக் கணக்கப் பார்த்தாலும் டெலிபோன் நம்பர் மாதிரி எதையாவது எழுதி வச்சிட்டுப் போயிடுறான். இத்தனை நாளா நான்தான் அழிச்சு அழிச்சுச் சரியா போட்டுக்கிட்டு வர்றேன்.”