ரெங்கம்மாள் அவித்த மஃபின்

மாப்பிள்ளை வீடு பார்க்க நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன பெண் வீட்டார், ரெண்டு மணிக்கே வில்லாபுரத்திலிருந்து கிளம்பிவிட்டார்கள். ஆனையூரில் மாப்பிள்ளையின் அம்மா ரெங்கம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அந்த மஃபினை மட்டும் செஞ்சு வைங்க மதினி" என்று பெண்ணின் அம்மா பாண்டியம்மாள் போனிலேயே ஆசையாகக் கேட்டுவிட்டாள்.

விதை, ஓட்ஸ், உலர்பழமெல்லாம் போட்டு மகன் சித்தார்த் செய்கிற மஃபின் அது. மெத்தென்று இருக்கும், நடுநடுவே பூசணி விதை நறுக்கென்று கடிபடும். அப்படியொரு கைப்பக்குவம்! ரெங்கம்மாளுக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனால் பையன் அடுப்படியில் நிற்பது தெரிந்தால் நல்ல சம்பந்தம் கைநழுவிப் போய்விடுமே? பெண் வீட்டுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்பியபோது, "நான் செஞ்சது" என்று அளந்துவிட்டாள்.

மகனுக்குப் போன் போட்டாள். "டேய், உடனே வாடா!"

"தல்லாகுளம் ஆபீஸ்ல மீட்டிங்மா. மூணரைக்கு வாரேன். ஓவனைத் தொட்டுறாத!"

தொட்டாள். எதை அமுக்கினாலும் அது அசைந்து கொடுக்கவில்லை. சரி, இட்லிச் சட்டி எதற்கு இருக்கிறது?

மகன் எடுத்து வைத்திருந்த விதையையும் ஓட்ஸையும் மாவில் கலந்தாள். கெட்டியாக இருந்தது, தண்ணீர் விட்டாள். நீர்த்துப் போனது, ரவையைக் கொட்டினாள். ரவையைக் கண்டதும் கை பழக்கத்தில் கடுகு தாளித்துவிட்டது. அதை மறைக்க அத்தியும் பேரீச்சையும் அள்ளிப்போட்டு அவித்தே எடுத்துவிட்டாள். அந்தத் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

பாண்டியம்மாளும் அவள் கொழுந்தன் அழகுபாண்டியும் வந்து உட்கார்ந்தார்கள்.

"மாப்பிள்ளை, வீட்டு வேலையில ஒத்தாசையா இருப்பாரா மதினி?"

"அவனுக்கு அடுப்படி எந்தப் பக்கம்னே தெரியாது!" என்றாள் ரெங்கம்மாள், பெருமையாக.

பாண்டியம்மாள் முகம் வாடியது. அழகுபாண்டி மஃபினை ஒரு கடி கடித்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கடைசியில் தண்ணீரைக் குடித்து உள்ளே இறக்கினார். ரெங்கம்மாள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சம்பந்தம் போச்சு!

"அக்கா, சத்தியமா இது நீங்க செஞ்சதுதானா?"

"சாமி சத்தியமா நான்தான் தம்பி" என்றாள், அழாத குறையாக.

அழகுபாண்டி துள்ளி எழுந்து பாண்டியம்மாள் பக்கம் திரும்பினார்.

"இந்த வீட்ல இருக்கறதே அம்மாவும் மகனும்தான். அப்ப அன்னைக்கு நாம தின்னது மாப்பிள்ளை செஞ்சதேதான்! நிச்சயத்துக்கு நாள் பாருங்க மதினி, சமைக்கத் தெரிஞ்சவனத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிற நம்ம பொண்ணுக்கு ஆள் கிடைச்சாச்சு!"