இஸ்ரவேல் வாத்தியாரின் புல்தரை

"ச்சூ! ச்சூ! போங்கலே!"

இஸ்ரவேல் வாத்தியார் தலைப்பாகையை அவிழ்த்துச் சுழற்றிக்கொண்டு முற்றத்தில் ஓடினார். ஒரு கனைப்பில் வகுப்பையே அடக்கிய தலைமையாசிரியர் அவர். சிட்டுக்குருவிகளோ அவரை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. அவர் கிழக்கே ஓடினால் மேற்கே இறங்கின. மேற்கே ஓடினால் கிழக்கே. பெங்களூரிலிருந்து தபாலில் வந்த புல்விதை. காலையில்தான் தூவியிருந்தார்.

"கெசியா அப்பா, வெயில்ல ஓடாதீய. புல்லுதான? போனாப் போவுது" என்றாள் மனைவி சாரம்மாள்.

"புல்லுதானவா? ஏட்டி, இது நம்ம குடும்பத்து மானம்!"

மகள் கெசியாவுக்குத் தச்சநல்லூரில் வரன் பேசியிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் தானியேல், துரைமார் கச்சேரியில் முப்பது வருஷம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். மனைவி காலமானபின் அப்பனும் மகனுமாகப் பெரிய வீட்டில் இருந்தார்கள். கார்த்திகை மாதத்தில் அங்கே போன வாத்தியார், முற்றத்தைப் பார்த்து அசந்துபோனார். வாசற்படி வரைக்கும் பச்சைப் பசேலென்று புல்! துரைசானிகள் பந்தாடும் தரையேதான். குனிந்து அதைத் தடவியும் பார்த்தார். அதைப் பற்றித் தானியேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பெருமையை வாயால் சொல்லாத பெரிய மனுஷர் என்று வாத்தியார் எண்ணிக்கொண்டார்.

ஆடியில் அவர்கள் பெண் வீட்டுக்கு வருவதாக இருந்தது. பாளையங்கோட்டையில் மூன்று தலைமுறையாக உபதேசியார் குடும்பம் என்று பேர் வாங்கியவர்கள், வெறும் மண் முற்றத்தைக் காட்டித் தலைகுனிவதா? "பெண்ணைக் கொடுக்க வந்தவனுக்கு நாலு புல் வளர்க்கத் துப்பில்லை" என்று தானியேல் நினைத்துவிட்டால் சம்பந்தம் என்ன ஆவது?

விதைப் பொட்டலத்தோடு அச்சடித்த தாள் ஒன்று வந்திருந்தது. வசந்தம் பிறக்கும் மார்ச்சு மாதத்தில் விதைக்கவும் என்று அதில் கண்டிருந்தது. அது சீமை வசந்தம். பாளையங்கோட்டையில் மார்ச்சு மாதம் கிணறு வற்றத் தொடங்கும் மாதம். ஆனால் அச்சில் வந்த வார்த்தையை வாத்தியார் சந்தேகித்ததே கிடையாது.

குருவிகள் தின்றுதீர்த்த பிறகு மறுபடியும் விதை தருவித்தார். இந்த முறை குருவிக்குப் பயந்து முற்றம் முழுவதும் ஓலைப்பாய் போட்டு மூடினார். பாய்க்கு அடியில் எறும்புகள் நிழலில் சுகமாக விதையைச் சுமந்து போயின. மிஞ்சி முளைத்த நாலைந்தையும் சித்திரை வெயில் கருக்கியது.

பக்கத்து வீட்டுப் பாக்கியசீலன் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். "என்ன அண்ணாச்சி, வீட்டு வாசல்லயே நாத்தங்காலா? நெல்லு எந்த ரகம்?"

"உம்ம வேலையப் பாரும் வே! துரைமார் பழக்கம் தெரியாத ஆளுகிட்ட எனக்கு என்ன பேச்சு?"

ஆனியில் சாரல் இறங்கியது. வாய்க்காலிலும் தண்ணீர் வந்தது. மூன்றாம் தடவை தூவிய விதை, ஆச்சரியம், முளைத்தே விட்டது! விரல் உயரத்துக்குப் பச்சை. அன்று முதல் முற்றத்தில் எவரும் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவாயிற்று. வீட்டார் கோயிலுக்குப் போவதும் வருவதும் மாட்டுத்தொழுவம் வழியாக. ஜெபம் பண்ண வந்த போதகருக்கும் அதே வழிதான். அவர் அங்கியில் சாணியோடு உட்கார்ந்து ஜெபித்தார்.

அடுத்தபடியாக உரம் போட வேண்டும் என்றது தாள். அதில் சொன்ன சீமை உரம் திருநெல்வேலிக் கடைத்தெருவில் கிடைக்கவில்லை. வாத்தியார் யோசித்தார். வயலுக்குக் கிடை போடுவதில்லையா? ஆடுகளை ஓர் இரவு அடைத்தால் விடிவதற்குள் நிலத்துக்கு வேண்டிய உரம் சேர்ந்துவிடும். கோனாரை அழைத்து அறுபது ஆடுகளுக்குச் சொல்லிவிட்டார்.

விடிந்தபோது உரம் இருந்தது. புல்தான் இல்லை.

"என்னவே கோனாரே இது? உரம் போடச் சொன்னா மேயவா விட்டீரு?"

"வாயுள்ள ஆடுல்லா வாத்தியாரே! முன்னால புல்லு இல்லாம பின்னால எப்படிப் புழுக்கை போடும்?"

வாத்தியாருக்குக் காது மடல் சிவந்தது. இருபது வருஷமாகத் தர்க்க சாஸ்திரம் படித்தவர், கிடைக்கூலியை எண்ணிக் கொடுத்துக் கோனாரை அனுப்பினார்.

ஆனாலும் வேர் சாகவில்லை. புழுக்கையும் சாரலும் சேர்ந்து பத்தே நாளில் முற்றம் பொங்கியது. புல் பாதி, கோரை, நெருஞ்சி, குப்பைக்கீரை, ஆடுகள் வயிற்றில் கொண்டுவந்த இன்னும் பேர் தெரியாத செடிகள் மீதி. களை எடுத்தால் போதும், தச்சநல்லூரை மிஞ்சிவிடலாம்! வயலில் களையெடுக்கும் பார்வதியம்மாளை நாலு பெண்களோடு வரச் சொன்னார்.

"களை ஒண்ணு இருக்கப்படாது. வேரோட போகணும். பயிர்ல மட்டும் கைபட்டுச்சுன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்று எச்சரித்துவிட்டுச் சபைக் கூட்டத்துக்குப் போனார்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். முற்றம் மொட்டையாகக் கிடந்தது. மதிலோரத்தில் புல் மலைபோலக் குவிந்திருந்தது. நட்ட நடுவே ஐந்தாறு குப்பைக்கீரைச் செடிகள் மாத்திரம் சுற்றிலும் பாத்தி கட்டப்பட்டு மரியாதையாக நின்றன.

"பார்வதி! என் புல்லு எங்க?"

"அங்கன குமிச்சிருக்கேன் ஐயா. ஒரு அருகு விடல. கொஞ்சமாவா வளர்த்து வச்சிருந்தீய! பயிர்னு பாத்தா இந்தக் கீரை ஒண்ணுதான். அதுல யாரையும் கை வைக்க விடல."

"புல்லுதான் பயிரு! கீரைதான் களை!"

பார்வதியம்மாள் அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "அம்மா, ஐயாவுக்கு மோரு குடுங்க. வெயில் தலைக்கு ஏறிட்டு" என்று சாரம்மாளிடம் சொன்னாள். "புல்லு வேணும்னா ஐப்பசி மழைக்குச் சும்மா விட்டாப் போதும் ஐயா. வேண்டாம்னாலும் வரும்."

ஐப்பசிக்கு எங்கே போவது? மறுநாளே தானியேல் வருவதாக ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். வாத்தியார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாரம்மாளும் கெசியாவும் கீரையைப் பிடுங்கிக் குழம்புக்குச் சேர்த்துவிட்டு, முற்றத்தைக் கூட்டி, சாணி தெளித்து மெழுகினார்கள். இந்த அவமானத்துக்கு மெழுக்கு வேறா என்று உள்ளிருந்து வாத்தியார் பல்லைக் கடித்தார்.

வண்டி வந்து நின்றது. தானியேல் இறங்கி முற்றத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல நடந்தார்.

வாத்தியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எதிரே வந்தார். "பாத்துட்டீரா? இதுதான் எங்க வீடு. பிடிச்சா இருங்க, பிடிக்கலன்னா, எங்க குடும்பம் யார் வாசல்லயும் போய்க் கெஞ்சினது கிடையாது!"

தானியேலின் கண் கலங்கியிருந்தது. "சம்பந்தியாரே, அடுத்த மாசமே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிருவோம்" என்று வாத்தியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

வாத்தியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தானியேல் உள்ளே போனதும், மோர் குடித்துக்கொண்டிருந்த அவருடைய வண்டிக்காரன் குற்றாலலிங்கத்திடம் போனார். "உங்க ஐயா ஏன்வே கண்ணு கலங்குதாரு?"

"பின்ன என்ன ஐயா, அம்மா போனதுல இருந்து நாலு வருஷமா வாரியலெடுத்துக் கூட்ட ஆளில்லாம எங்க வாசல்ல புல்லு மண்டிக்கிடக்கு, அதப் பாத்துட்டு ஏழு பொண்ணு வீட்டுக்காரங்க படியேறாமலே திரும்பிட்டாங்க, நீங்க ஒருத்தருதான் குனிஞ்சு அதத் தடவிக் குடுத்துட்டுச் சம்மதம்னு சொன்னீய!"