விருந்தினர் நுழைய அனுமதி இல்லை

என் சாய்வு நாற்காலியைக் காப்பாற்ற எந்த எல்லைக்கும் போவது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் எடுத்தேன். சபதம் எடுத்ததும் அதில் சாய்ந்தபடிதான்.

விஷயம் இதுதான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அதை விற்க என் மனைவி இணையத்தில் விளம்பரம் போட்டுவிட்டாள். 'பழைய நாற்காலி. நல்ல உழைப்பாளி. உட்காருபவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது' என்று வர்ணனை வேறு! போனில் எனக்குத் துப்புக் கொடுத்தவர் எதிர்வீட்டு நெட்வொர்க் இன்ஜினீயர். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர்தான் எனக்குக் கண்கண்ட தெய்வம்.

"பதறாதீங்க சார். ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்லதானே இருக்கு? மாடியில இருக்கிற உங்க கம்ப்யூட்டர்லேருந்தே மேடம் கம்ப்யூட்டருக்குள்ள போய் விளம்பரத்தை அழிச்சிடலாம். ரிமோட் சர்வீஸை நான்தானே போட்டுக் கொடுத்தேன்?"

அரை மனதோடு நாற்காலியை விட்டு எழுந்து, போனும் கையுமாக மாடியேறினேன். அவர் சொன்ன பொத்தானை அழுத்தினேன். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்தது.

"சர்வீஸ் ஓடுது சார். உங்களுக்குத்தான் உரிமை இல்ல. அந்தக் கம்ப்யூட்டர்ல உங்களை என்னன்னு போட்டிருக்கு?"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். "விருந்தினர்னு போட்டிருக்கு."

"அட்மின் யாரு?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? அவதான்!"

"அப்ப அவங்கதான் அனுமதி தரணும்."

அதாவது, திருடப்போகிற வீட்டுக்காரியிடமே போய்ச் சாவி கேட்க வேண்டும். மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தேன்.

"இந்தாம்மா, உன் கம்ப்யூட்டர்ல எனக்குக் கொஞ்சம் அனுமதி வேணும்."

"எதுக்குங்க?"

"ஆபீஸ் வேலை."

"ஞாயித்துக்கிழமையா? நீங்களா?"

"அவசரம்!"

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு அரை மணி நேரம்."

"மெதுவா ஒரு மணி நேரமே எடுத்துக்கோங்க. அவசரப்பட்டா தப்பு வரும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு இதமாகப் பேசிக் கேட்டதில்லை. உடனே என்னையும் அட்மின் ஆக்கிவிட்டாள். மாடிக்கே காபி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளையா ஏமாற்றுகிறோம் என்று மனசு உறுத்தியது. நாற்காலியை நினைத்துக்கொண்டேன், உறுத்தல் நின்றுவிட்டது.

மறுபடி பொத்தான். மறுபடி தடை! இந்த முறை புகாரே வேறு. அவள் கம்ப்யூட்டருக்குள் நுழைய எனக்குச் சாவியாக இருக்கிற ஃபைலை யார் வேண்டுமானாலும் படிக்கலாமாம். அப்படித் திறந்து கிடக்கிற சாவியை அது நம்பாதாம்.

"முதல்ல அனுமதி இல்லைன்னுச்சு. இப்ப அனுமதி அதிகம்னு சொல்லுதே! இதுக்கு என் மாமியார் எவ்வளவோ தேவலை சார்."

"உங்களைத் தவிர... யாரும் படிக்க முடியாதபடி... அதைப் பூட்டுங்க சார்."

"என்ன சார், உங்களுக்கு மூச்சு வாங்குது?"

"உங்க பிரச்சினை கொஞ்சம் கனமா இருக்கு சார்."

எனக்காக இவ்வளவு பாடுபடும் மனிதரை நினைத்து நெகிழ்ந்தேன். சொன்னபடி பூட்டினேன். சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். திறந்துகொண்டது! அவளுடைய திரை அப்படியே என் திரையில் விரிந்தது. விளம்பரத்தைத் தேடிப் பிடித்து, அழிக்கப்போன நேரத்தில் அதன் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை வந்து விழுந்தது: 'விற்றாகிவிட்டது.'

போனும் கையுமாக விழுந்தடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். நாற்காலி இருந்த இடத்தை அவள் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி என் நாற்காலி?"

"வாங்குறதுக்கு ஆள் எப்பவோ ரெடிங்க. உங்களை அதுலேருந்து எழுப்பத்தான் எனக்கு வழி தெரியல. அதையும் தானே பார்த்துக்கறேன்னு சொல்லிட்டாரு, நல்ல மனுஷன்."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டு வராந்தாவில், என் நாற்காலியில், போனைக் காதில் வைத்தபடி சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

"அனுமதி கிடைச்சிடுச்சா சார்?"