சரவெடியும் காய்ந்த தட்டும்

கோபத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினால், துணைவேந்தர் பதவிக்கு நான் ஒரே ஒருவரைத்தான் சிபாரிசு செய்வேன். எங்கள் மாணவர் விடுதி மெஸ்ஸின் மேலாளர் சரவெடி. அவருடைய சொந்தப் பெயர் ஏதோ ஒரு கோப்பில் இருந்திருக்கும், யாரும் தேடியதில்லை. ஒரு முனையில் பற்றினால் மறுமுனை வரை வெடித்துவிட்டுத்தான் ஓய்வார். அதனால் பையன்கள் அப்படிப் பெயர் வைத்தார்கள்.

மதுரைக்கு வெளியே ஒரு தனியார் பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். நான் அங்கே வணிகவியல் ஆசிரியர், விடுதியின் துணைக் காப்பாளரும்கூட. சரவெடி மெஸ்ஸில் நின்று, "வரிசையில நில்லுங்கடா" என்றால் திருப்பரங்குன்றத்து மயில்களும் வரிசையில் நின்றிருக்கும்.

விடுதியில் ஒவ்வொரு பையனுக்கும் அறை எண் வெட்டிய எவர்சில்வர் தட்டு ஒன்று உண்டு. சாப்பிட்டதும் அவனே கழுவி, சுவரோர அலமாரியில் கவிழ்க்க வேண்டும். மதியப் பந்தி முடிந்ததும் சரவெடி வந்து ஒவ்வொரு தட்டாகத் தொட்டுப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் அடுத்த தட்டு. காய்ந்திருந்தால் அதை உருவிக்கொண்டு மாடிப்படி ஏறிவிடுவார்.

"டேய் இருநூத்திப் பதினாலு, கதவத் தொறடா. ஒனக்குன்னு வடிச்ச சோத்த யாருடா திங்கிறது, நானா?"

கதவு திறக்கும்வரை விடமாட்டார். காய்ச்சல் என்றால் ரசம் சோறு வரும், திட்டோடு சேர்த்து. காதல் தோல்வி என்றால் சோறும் வரும், அந்தப் பெண் தப்பித்ததற்கு வாழ்த்தும் வரும். நானும் அங்கேதான் சாப்பிட்டேன். எனக்கும் ஒரு தட்டு, எனக்கும் அதே திட்டு.

இந்த நிலையில்தான் எங்கள் டீனுக்கு மாணவர்களின் மன அமைதிமேல் திடீர் அக்கறை பிறந்தது. பல்கலைக்கழகத்துக்குத் தரம் போடும் மதிப்பீட்டுக் குழு ஒன்று வரவிருந்ததையும் சொல்லிவிடுகிறேன். 'மன அமைதி மையம்' திறந்தார்கள். நீலப் பாய்கள், ஒரு வெண்கல மணி, சுவரில் செயற்கை அருவி. அருவி இரண்டாம் வாரமே நின்றுவிட்டது. புதன்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். கட்டாயம். வாசலில் கட்டைவிரல் வைக்கும் இயந்திரம். வராதவனுக்கு வருகைப்பதிவில் வெட்டு. வெட்டு கூடினால் தேர்வு எழுத முடியாது. அமைதிக்காக இத்தனை பேர் முட்டிமோதி ஓடியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மூச்சைக் கவனிப்பதோடு எனக்கு ஒரு பகையும் கிடையாது. அதற்குக் கட்டைவிரல் கேட்டதை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. இதற்கெல்லாம் ஒருங்கிணைப்பாளர் யார் என்கிறீர்களா? நான்தான். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

ஒருநாள் மையத்தின் பயிற்சியாளர் அம்மையார் டீனோடு மெஸ்ஸுக்கே வந்தார். ஓர் உலர்ந்த திராட்சையை வாயில் வைத்து, ஐந்து நிமிடம் அதன் சுவையை மட்டும் கவனிக்க வேண்டும் என்றார். நானூறு பையன்கள் ஆளுக்கொரு திராட்சையோடு கண்ணை மூடினார்கள். அடுப்படியிலிருந்து சரவெடி வந்தார்.

"பாயாசத்துக்கு வச்சிருந்த திராட்சைய எவன்டா எடுத்தது?"

"மெதுவா பேசுங்க சார். அவங்க உள்ளுக்குள்ள பயணம் போயிட்டிருக்காங்க" என்றார் அம்மையார்.

"எங்க வேணும்னாலும் போகட்டும்மா. சோறு ஆறுறதுக்குள்ள திரும்பி வரச் சொல்லுங்க."

சிரித்த சிரிப்பில் பாதிப் பேர் திராட்சையை முழுதாக விழுங்கிவிட்டார்கள். டீன் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு படிவம் கொடுத்தோம். 'வளாகத்தில் உங்கள் மன அமைதியைக் கெடுப்பது எது?' என்று ஒரே கேள்வி. மேலே பதிவெண் எழுத ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைப் போட்ட மகானும் நான்தான். எதை அச்சடித்தாலும் பதிவெண்ணுக்குக் கட்டம் போட்டே பழகிவிட்ட கை. தன் எண்ணை எழுதிவிட்டு எவன் 'டீன்' என்று எழுதுவான்? முக்கால்வாசிப் பேர் எழுதியது ஒரே பெயர், சரவெடி. அந்த வளாகத்தில் பையன்கள் பயப்படாத ஒரே ஆள் அவர்தான். இதை டீனிடம் சொல்லியும் பார்த்தேன்.

"டேட்டா பேசுது சார்" என்றார்.

டேட்டா பேசியது, பையன்களால்தான் வாயைத் திறக்க முடியவில்லை.

சரவெடிக்கு விசாரணை வைத்தார்கள். வேலை நிலைக்குமா, போகுமா என்பது அதில் முடிவாக வேண்டும். டீன் அறையில் மதியம் ஒன்றரை மணிக்கு உட்கார்ந்தோம்.

"எதுக்கு இப்படிக் கத்துறீங்க?" என்றார் டீன்.

"மெதுவாத் தட்டுனா தொறக்க மாட்டேங்கிறாய்ங்க சார். கத்துனா, என்னைய வையிறதுக்காவது தொறக்குறாய்ங்க. தொறந்தாப் போதும்ல."

'கத்துவதை ஒப்புக்கொண்டார்' என்று டீன் எழுதிக்கொண்டார். சரவெடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"பந்தி முடிஞ்சிருக்கும் சார். போயி தட்டப் பாத்துட்டு வாரேன்."

"இங்க விசாரணை நடக்குது."

"நடக்கட்டும் சார். முந்நூத்தி ஏழு நேத்து வயித்து வலின்னு உள்ள இருந்தே சொன்னான், நானும் நம்பி வந்துட்டேன். இன்னைக்கும் தட்டு காஞ்சு கெடந்தா, அது வயித்து வலி இல்ல."

எழுந்து போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். தட்டு காய்ந்துதான் கிடந்தது.

முந்நூற்று ஏழு மேலூர்ப் பக்கத்துப் பையன், அவன் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். சரவெடி தட்டாலேயே கதவை அடித்தார். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். பத்து நிமிடம் உள்ளே சத்தமே இல்லை. நானும் சேர்ந்து கதவைத் தட்டினேன். பிறகு கதவு திறந்தது. பையனின் முகம் வீங்கியிருந்தது.

"ஒனக்கு என்னய்யா வேணும்? சும்மா இருக்க விடமாட்டியா?"

"விடமாட்டேன்டா. நல்லா வையி. வஞ்சிட்டுக் கீழ வா, சோறு இருக்கு."

பையன் நிஜமாகவே வைதான். வைதுகொண்டே அழுதான். மேசைமேல் ஒரு கடிதம் கிடந்தது. அமைதி வகுப்புக்கு ஐந்து புதன்கிழமை வராததால் தேர்வு எழுத அனுமதி இல்லை. அவன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த புதன்கிழமைகள் அவை. கீழே ஒருங்கிணைப்பாளர் கையெழுத்து. கட்டுக்கட்டாக நீட்டியபோது படிக்காமல் போட்ட என் கையெழுத்து. இரண்டு நாளாக அவன் ஒரு வாய் சோறு தின்னவில்லை. நான் புதன்கிழமை தவறாமல் மணி அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பையன் தேர்வு எழுதினான். அதற்காக டீனோடு நான் போட்ட சண்டையில், சரவெடியிடம் வாங்கிய வார்த்தைகள் சில நன்றாகவே உதவின. ஆனால் சரவெடியைக் காப்பாற்ற முடியவில்லை. விசாரணையிலிருந்து பாதியில் எழுந்து போனது ஒழுங்கீனம் என்று எழுதி, வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். குழு வந்தது, மணி அடித்துக் காட்டினார்கள், பாராட்டும் கிடைத்தது. மெஸ் இப்போது ஒப்பந்தக்காரர் கையில். காகிதத் தட்டில் சாப்பாடு போடுகிறார்கள். எவன் சாப்பிட்டான், எவன் சாப்பிடவில்லை என்று குப்பைத்தொட்டியிடம்தான் கேட்க வேண்டும். இதை எழுதும்போதே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

சரவெடி இப்போது கப்பலூரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் இருக்கிறார். போன மாதம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வாயைத் திறக்கவே விடவில்லை.

"என்ன சார், இம்புட்டு எளைச்சுட்டீங்க? அங்க எவனும் சோறு போடுறதில்லையா? மொதல்ல உக்காருங்க."

உட்கார்ந்தேன். ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"முந்நூத்தி ஏழு எப்படி இருக்கான்?"

"பரீட்சை எல்லாத்துலயும் பாஸ் பண்ணிட்டாண்ணே."

"பரீட்சைய எவன் கேட்டான்? ஒழுங்காச் சாப்பிடுறானா?"

எனக்குத் தெரியவில்லை. அதற்கும் திட்டு வாங்கினேன். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி அலமாரியில் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தேன். செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தால், சரவெடி என் தட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரமும் ஒருநாள் போய்த் திட்டு வாங்கி வர வேண்டும்.