எம்.பி. சொல்லாத தண்ணீர்

மேடையில் மைக் கிடைத்தவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் மடையர்களாகத்தான் தெரிவார்கள். எனக்கும் ஒரு சாயங்காலம் அப்படித் தெரிந்தது.

எழுபதுகளில் கல்கத்தா பக்கம் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எங்கள் தமிழ் வரிசைக்கும் பக்கத்து வங்காளி வரிசைக்கும் சேர்த்து ஒரே குழாய். விடிந்தால் பெண்களுக்குள் குடச் சண்டை. அப்போது தேர்தல் வந்தது. எங்கள் தொகுதி எம்.பி., வங்காளி, மறுபடியும் நின்றார். தமிழர்களிடம் பேச வருகிறார், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கட்சிக்காரர்கள் கேட்டார்கள். யார்டில் வங்காளிகளோடு வேலை பார்த்து, நாலு நல்ல வார்த்தையும் நாற்பது கெட்ட வார்த்தையும் கற்றவன் நான். உடனே வேட்டிக்கு இஸ்திரி போட்டேன். (என் கல்யாணத்துக்குக்கூடப் போடவில்லை.)

அதோடு நின்றிருக்கலாம். வீடு வீடாகப் போய், "இன்னிக்கு எம்.பி. வாயாலயே தண்ணிக்குத் தேதி சொல்ல வைக்கிறேன் பாருங்க" என்று அளந்துவிட்டு வந்தேன்.

எம்.பி. நல்ல மனிதர். அதுதான் வினை. வங்காளியில் இப்படிப் பேசினார்: "உங்கள் தண்ணீருக்காகப் பார்லிமெண்டில் கேட்டேன். பதில் வரவில்லை. மறுபடியும் கேட்பேன். அதற்கு மேல் வாக்குக் கொடுக்க என்னால் முடியாது."

ஓட்டுக் கேட்க வந்தவன் பேசுகிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில் முழங்கினேன்: "அடுத்த மாசம் வீட்டுக்கு வீடு குழாய்! பைப் எல்லாம் நம்ம யார்டுல வந்து இறங்கியாச்சு!"

எம்.பி. திருப்தியாகத் தலையாட்டினார், பாவம். பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. குழாயடியில் வங்காளிப் பெண்களோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டியவர்கள் அவர்கள். அவர்களுடைய வங்காளி என்னுடையதைவிடப் பத்து மடங்கு சுத்தம். இது என் மரமண்டைக்கு அதுவரை ஏறவே இல்லை.

என் மனைவியே எழுந்தாள். "ஏங்க, அவர் எங்க அடுத்த மாசம்னாரு? வாக்குக் குடுக்க முடியாதுன்னுல்ல சொன்னாரு!"

"உக்காரு. மேடைப் பேச்செல்லாம் உனக்குப் புரியாது."

பக்கத்து வீட்டு முத்தம்மா விடவில்லை. "அண்ணே, எலெக்‌ஷன்ல அவரு நிக்கிறாரா, நீங்க நிக்கிறீங்களா?"

"கீ ஹோலோ?" என்றார் எம்.பி. என்ன ஆச்சு என்று கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் முத்தம்மா மேடையருகே வந்து, என் பொய்யை அட்சரம் பிசகாமல் வங்காளியில் அவருக்கு ஒப்பித்துவிட்டாள்.

அவர் என் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கினார். கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "தப்பு என்னுடையது. நான் தண்ணீர் கொண்டுவந்திருந்தால் இந்த அண்ணன் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்காது."

இதைத் தமிழில் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. பளாரென்று ஓர் அறை விட்டிருந்தால் அன்றோடு போயிருக்கும். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அவர் ஜெயித்தார். டெல்லியில் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவழியாகக் குழாயும் வந்தது. திறப்பு விழாவில் மேடையேறி மொழிபெயர்த்தவள் முத்தம்மா. நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால்.

ரிட்டையராகிக் கல்கத்தாவில் டாக்குரியாவுக்குக் குடிவந்த பிறகும் என்னை விடுகிறார்களா? போன வாரம் டாக்டரிடம் போய்வந்து, "ஒரு ஜிலேபி சாப்பிடலாம்னார்" என்றேன்.

மனைவி தட்டை இழுத்துக்கொண்டாள். "இது டாக்டர் சொன்னதா, நீங்க மொழிபெயர்த்ததா?"

பேரப்பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். டாக்டர் அரை ஜிலேபிகூடச் சொல்லவில்லை.