ஒயினைத் துப்புகிறவனுக்கு நம் குட்டியா?

என் மகன் சின்னவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் உன் பெண்டாட்டியும் நலமாகத்தான் இருப்பீர்கள், குளிரில் நடுங்குகிறவள் நான் ஒருத்திதானே.

அந்தத் திராட்சைத் தோட்டக்காரப் பையன் வீட்டில் பத்து நாள் தங்கி, உன் மகள் குட்டியை அவனுக்குக் கட்டிக் கொடுக்கலாமா வேண்டாமா என்று எழுதச் சொன்னாய். அம்மா சொல்வதுதான் முடிவு என்றாய். உன் கல்யாணத்தின்போது இந்தப் புத்தி இல்லை. அன்றைக்கு உன் மாமனார் எனக்கு ஒரு கால் ஆடுகிற நாற்காலியைப் போட்டார். இருபத்தாறு வருஷமும் நாலு மாசமும் ஆகிறது, நான் மறக்கவில்லை. இருக்கட்டும். என் முடிவு இதுதான்: வேண்டாம்.

கோடைக்காலம் என்கிறார்கள், நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் குளிரில் திராட்சை போடலாம் என்று எவன் சொன்னானோ, பழம் பழுக்கவே மாட்டேன் என்கிறது. வந்த அன்றைக்கே ரெட் ஒயின் என்று ஒன்றை ஊற்றி வைத்தான். ரெட்டாம். கிளாசுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தேன், மூணாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நானே தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். "ஏம்ப்பா, கெழவிதானேன்னு தண்ணி கலந்துட்டியா?" என்றேன். "இல்ல பாட்டி, குளிர் ஊர்ல நிறம் இப்படித்தான் வரும். அதுதான் இதோட அழகு" என்கிறான். உன் அப்பாவும் தலை வழுக்கையானபோது இதையேதான் சொன்னார். அப்புறம் கிளாசைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, மூக்கை உள்ளே விட்டு, ஒரு வாய் கொப்பளித்து, என் கண்ணெதிரே வாளியில் துப்பினான். பக்கத்தில் நின்று அவன் அம்மாவும் துப்புகிறாள். ருசி பார்க்கிற முறையாம். தாங்கள் செய்ததைத் தாங்களே விழுங்க முடியாதவர்கள் நம் பெண்ணுக்கு எதைப் போடுவார்கள்?

மறுநாள் தோட்டத்தில் ஏழெட்டுப் பேர் கத்தரியை வைத்துக்கொண்டு நல்ல குலைகளாக வெட்டித் தரையில் போடுகிறார்கள். கொடிக்குப் பாதியாம். எல்லாவற்றுக்கும் போதுகிற வெயில் இந்த ஊரில் இல்லையாம், மீதியாவது பழுக்கட்டுமாம். எனக்கு வயிறு எரிந்தது. ஆறு பிள்ளை பெற்றேன், சோறு போதவில்லை என்று மூன்றைத் தூக்கிப் போட்டேனா? கிடந்ததையெல்லாம் பையில் அள்ளி, அவர்கள் சமையலறையிலேயே பிழிந்து, ஆளுக்கு ஒரு டம்ளர் நீட்டினேன். அவன் அம்மாவுக்குத் தாடை பிடித்துக்கொண்டது. வேலையாட்கள் "வேல கெடக்குங்க பாட்டி" என்று எழுந்து போனார்கள். எனக்குப் பல்செட்டே கூசியது, முகத்தில் காட்டவில்லை. இவன் மட்டும் முகர்ந்து பார்த்து, கடைசிச் சொட்டு வரை விழுங்கிவிட்டு, "இன்னும் ரெண்டு மாச வெயில் வேணும் பாட்டி" என்கிறான். திமிரைப் பார்.

பிழைக்கவாவது தெரியுமா என்றால் அதுவும் இல்லை. நேற்று ஒரு பெரிய கடைக்காரர் வேன் எடுத்துக்கொண்டு வந்தார். நல்லதாக நாலு வார்த்தை பேசி ஏற்றிவிட வேண்டியதுதானே. "போன வருஷத்து ஒயின எடுக்காதீங்க, நல்லா வரல. மழைக்கு முந்திப் பறிச்சிடுன்னு அம்மா சொன்னாங்க, நான் கேக்கல. தப்பு என்னோடது" என்கிறான், அம்மா எதிரில், வேலையாட்கள் எதிரில், கொஞ்சமும் கூச்சமில்லாமல். வேன் காலியாகத் திரும்பிப் போனது. நம் வீட்டு ஆண்பிள்ளை யாராவது இப்படி வாய் திறந்து நீ பார்த்திருக்கிறாயா? உன் அப்பா ரயிலைத் தவறவிட்டபோதுகூட ரயிலைத்தான் திட்டினார்.

ஆகவே குட்டியிடம் பக்குவமாக எடுத்துச் சொல். உங்கள் எல்லோருக்கும் என் ஆசி. உன் அண்ணனுக்கு மட்டும் கிடையாது, போன கடிதத்துக்கு அவன் பதில் போடவில்லை.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: அவன் அம்மாவிடம் நேற்று சாயங்காலமே சம்மதம் சொல்லிவிட்டேன். அறுவடை முடிந்ததும் கல்யாணம். மேலே எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை, எதையும் அடிக்கப் போவதுமில்லை. ஆனால் இவனோடு சண்டை போட்டால் குட்டி பாதி நாளாவது ஜெயிப்பாள். உன் அப்பாவோடு வாழ்ந்த நாற்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு நாள்கூட ஜெயித்ததில்லை.