அம்மாவின் முழங்காலும் பாதுகாப்புக் குழுவும்

உலக வரலாற்றில் தாய்ப்பாசத்துக்குச் சான்றுகள் ஏராளம். மகன் பாசத்துக்கு இருப்பது ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டு மாடிப்படியின் அடியில் நான் பொருத்திய மரத்தடுப்புதான் அது.

அம்மாவுக்கு முழங்கால் மூட்டை மாற்றி வீட்டுக்கு அழைத்து வந்த அன்றே சாப்பாட்டு மேஜையில் அவசரக் கூட்டம் கூட்டினேன். தலைவர் நான். உறுப்பினர் என் மனைவி. அம்மா 'பயனாளி' என்பதால் அவளுக்கு வாக்குரிமை இல்லை. காபி மட்டும் வழங்கப்பட்டது. மாடியறை அவளுடையதுதான். ஆனாலும் அவளுடைய 'நலன் கருதி' கூடத்து சோபாவில் 'தற்காலிகமாக'க் குடியமர்த்துவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். என் மகன் தவழ்ந்த காலத்தில் வாங்கிய தடுப்பைப் பரணிலிருந்து இறக்கிப் படிக்கு முன்னால் மாட்டினேன்.

பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிப் பெண்ணுக்கு நிர்வாகம் புரியாது.

"சார், அம்மா படி ஏறிப் பழகணும். இல்லேன்னா கால் இறுகிப் போயிடும்."

"விழுந்துட்டா?"

"நான் பிடிச்சுக்கறேன்."

"நீங்க போனப்புறம்?"

"கைப்பிடியைப் பிடிச்சுப்பாங்க."

"கைப்பிடி கழண்டுட்டா?"

அவள் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்; அது அசையவில்லை. தொலைநோக்கு எல்லோருக்கும் வாய்த்துவிடாது.

"சோபாவுல முதுகு போகுதுடா. யாராவது வந்தா எழுந்து உக்காரணும். என் ரூம்ல, என் கட்டில்ல ஒரு நாள் நிம்மதியா படுக்கணும்" என்றாள் அம்மா.

"பரிசீலனையில இருக்கும்மா."

மாடியறை விஷயத்திலும் நான் சும்மா இருந்துவிடவில்லை. பூட்டிய அறை வீணாகும் என்பதால் என் அலுவலக மேஜையை அங்கே போட்டேன். மூட்டுத் தேய்மானம் பரம்பரையாக வரலாம் என்று படித்ததால், என் மூட்டின் எதிர்காலம் கருதி ஒரு ட்ரெட்மில்லும் வாங்கினேன். இதுவரை அதில் ஏறியவை ஈரத் துண்டுகள் மட்டுமே. இடம் போதாமல் அம்மாவின் கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தோம்.

நேற்று வீடியோவில் அலுவலகக் கூட்டம். ஊழியர் நலன் பற்றி நான் உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தபோது கீழே தடுப்பு திறக்கும் சத்தம். திறந்துவிட்டது என் மனைவி. குழுவில் பிளவு!

"நல்ல கால் முதல்லம்மா. அப்புறம் ஆபரேஷன் பண்ண கால். நின்னு மூச்சு விட்டுக்கோங்க" என்று பிசியோதெரபிப் பெண்ணின் குரல் படிப்படியாக மேலே வந்தது.

அம்மா அறை வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. ஒரு நிமிஷம் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவள் கண் மேஜையைப் பார்த்தது, துண்டுகளைப் பார்த்தது, சுவரில் சாய்ந்திருந்த கட்டில் சட்டங்களில் போய் நின்றது. சிரிப்பு போய்விட்டது.

"எதுக்கும்மா இந்த ரிஸ்க்கெல்லாம்?" என்று கேட்டேன். மைக்கை அணைக்க மறந்திருந்தேன்.

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் அலுவலகம் மொத்தமும் கேட்கச் சொன்னாள்:

"இந்த மூட்டு இருபது வருஷம் உழைக்கும்னு டாக்டர் சொன்னார். நான் எத்தனை மாசம் இருப்பேன்னு நினைச்சுடா நீ என் கட்டிலைக் கழட்டினே?"